பூட்டானுக்கு நாற்பத்தொரு சாமான்

ஆகஸ்ட் 28, புதன்

யாஸ்மின் பட்டியல் அனுப்பிவிட்டாள். மொத்தம் நாற்பத்தொரு சாமான். நாற்பதுக்குத்தான் பெயர் இருந்தது. நாற்பத்தொன்றுக்கு எதிரே வெறும் கோடு. போன் செய்து, பட்டியல் அரைகுறையாக இருக்கிறது என்றேன். “சார், அது அவங்கவங்க இஷ்டத்துக்கு ஒண்ணு. எல்லாத்தையும் நானே சொல்லிட்டா எப்படி?” என்று சிரித்தாள். கீழே கையெழுத்து இருக்கிறது, தேதி இல்லை. தேதி போடாத கையெழுத்து என்னிடம் முப்பத்தோரு வருடம் செல்லாமல்தான் இருந்தது. அதற்காகவே எத்தனை விண்ணப்பத்தைத் திருப்பியிருப்பேன்! இதைத் திருப்ப முடியாது. எங்கள் பயணக் குழுவுக்கு அவள்தான் தலைவி.

நானாவது ஒழுங்காகத் தேதி போட்டு எழுதி வைப்போம் என்று இந்த நோட்டைத் தொடங்குகிறேன்.

விவரம்: ஏழு மோட்டார் சைக்கிள், கூடவே சாமானுக்கும் அவசரத்துக்கும் ஒரு வேன். அக்டோபர் 1 அன்று வண்டிகளை ரயிலில் ஏற்றி அனுப்பிவிடுகிறோம். 10ஆம் தேதி நாங்கள் விமானத்தில் போய், மேற்கு வங்காளத்தில் வண்டிகளை எடுத்துக்கொண்டு, பூட்டானுக்குள் ஓட்டிக்கொண்டு போகிறோம். ஒன்பது நாள். குழுவில் நான்தான் மூத்தவன், அறுபத்தொன்று. பெயர் நாச்சிமுத்து, ஓய்வுபெற்ற மோட்டார் வாகன ஆய்வாளர். ஊர் வாயில் பிரேக் இன்ஸ்பெக்டர். என் புல்லட்டின் பின் சீட்டில் வருபவள் என் மனைவி வசந்தாமணி. வருகிறாயா என்று அவளைக் கேட்கவில்லை. பெயரைக் கொடுத்துவிட்டு வந்து சொன்னேன். “சரிங்க” என்றாள்.

செப்டம்பர் 1, ஞாயிறு

வண்டியின் இரண்டு பக்கமும் தொங்கும் பைகள் வந்துவிட்டன. இடது பை எனக்கு, வலது பை அவளுக்கு. இரண்டும் ஒரே எடை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வளைவில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பழைய பேப்பர்காரர்கள் வைத்திருப்பது போன்ற தொங்கு தராசு ஒன்று வாங்கி, வாசல் கம்பியில் மாட்டி நிறுத்துப் பார்த்தேன். என் பை பதினொன்றரை கிலோ. அவள் பை ஆறு.

“இன்னும் என்னத்த வெக்கட்டுமுங்க? நாலு சுடிதார், ஒரு சொட்டரு, பருப்புப் பொடி டப்பா. அவ்வளவுதான் எனக்கு வேணும்.”

“நாற்பத்தொன்னாவதுக்கு உன் இஷ்டத்துக்கு ஒண்ணு வெக்கலாம்னு சொல்லியிருக்காங்க.”

கொஞ்ச நேரம் யோசித்தாள். “எனக்கு ஒண்ணும் தோணலைங்க” என்றாள். அவள் பையில் இடம் நிறைய இருந்ததால் என் ஸ்பேனர் செட், கிளட்ச் கேபிள், ஆக்சிலரேட்டர் கேபிள், இரண்டு டியூப், காற்றடிக்கும் பம்ப் எல்லாவற்றையும் அதில் வைத்தேன். இப்போது இரண்டும் சமம்.

செப்டம்பர் 4, புதன்

பால் வாங்கப் போனேன். திரும்பி வந்தபோது இடது காலில் செருப்பு இல்லை. வழியில் எங்கேயோ கழன்றிருக்கிறது. வீட்டு வாசலில் வசந்தா பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. இப்போதெல்லாம் ரப்பர் தரமே இல்லை.

செப்டம்பர் 7, சனி

பிள்ளையார் சதுர்த்தி. யாஸ்மின் கொழுக்கட்டை சாப்பிட வந்தாள். அப்படியே பைகளையும் சோதித்தாள். முப்பத்தாறு வயது. போர்வை, தலையணை உறை மொத்த வியாபாரம். என்னைவிட நன்றாக ஓட்டுவாள் என்று மற்றவர்கள் சொல்கிறார்கள்.

“ஆன்ட்டி, உங்க வீட்டுக்காரரு என்னைய ரெண்டு தடவ ஃபெயில் பண்ணுனாருங்க. மூணாவது தடவதான் லைசென்ஸ். எட்டு போட்டு முடிச்சு எறங்கறேன், பேப்பரப் பாத்துட்டே ‘அடுத்து’ன்னாரு. மூஞ்சியக்கூட நிமுந்து பாக்கல.”

படிக்கிறவர்களுக்காக எழுதுகிறேன். (யார் படிக்கப் போகிறார்கள்?) இரு சக்கர வாகன உரிமத்துக்குத் தரையில் எட்டு என்ற எண் வடிவில் கோடு போட்டிருக்கும். அதன் மேல் வண்டியை ஓட்டி வர வேண்டும். கால் தரையைத் தொடக் கூடாது. தொட்டால் தோல்வி. இவ்வளவுதான் சட்டம், இதில் அழுகைக்கும் சிபாரிசுக்கும் இடமில்லை.

“உன்னைய ஃபெயில் பண்ணினது என்ன பெரிசு! என் பொண்டாட்டியவே ஃபெயில் பண்ணுனவன் நான்” என்றேன். 2002இல் நடந்தது. மாவட்டம் முழுக்கப் பேசினார்கள். பதவி உயர்வு நேரத்தில் மேலதிகாரி ஒருவர் அதை எடுத்துச் சொல்லிக் கைகுலுக்கினார். சொந்த மனைவி, கால் ஊன்றினாள், தோல்வி போட்டேன். எத்தனை பேர் செய்வார்கள்? கதையை நான் சொல்லி முடிப்பதற்குள் சமையலறையில் மிக்ஸி ஓட ஆரம்பித்துவிட்டது. சட்னி ஏற்கனவே மேஜையில் இருந்தது.

யாஸ்மின் போகும்போது, “ஆன்ட்டி அப்புறம் ரெண்டாவது தடவ வரலீங்களா?” என்று கேட்டாள். ஆர்வம் போய்விட்டது என்று நான் சொன்னேன். வசந்தா கொழுக்கட்டையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள்.

செப்டம்பர் 11, புதன்

பட்டியலில் ஆறாவது: கணுக்கால் மூடும் பூட்ஸ், போட்டுப் பழக்கியது. ‘பழக்கியது’ என்பதன் கீழே கோடு போட்டிருக்கிறாள். ஆகவே காலையில் அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் வாய்க்கால் மேட்டில் நடந்தேன். ஒரு தொந்தரவும் இல்லை, நல்ல பூட்ஸ்.

கழற்றும்போது வசந்தா கத்தினாள். இடது சாக்ஸின் அடிப்பகுதி முழுக்க ரத்தம். பூட்ஸைத் தலைகீழாகத் தட்டினாள். ஒரு நட்டு விழுந்தது. பத்தாம் நம்பர் நட்டு, என் ஸ்பேனர் செட் டப்பாவில் இருந்தது. எப்படி உள்ளே போனதோ!

“இத மிதிச்சுட்டா ஒரு மணி நேரம் நடந்தீங்க?”

“சாக்ஸ் ரொம்ப மொத்தம்.”

அவள் நட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். சாக்ஸ் உண்மையிலேயே தடிமன்தான்.

செப்டம்பர் 12, வியாழன்

டாக்டரைப் பார்க்கலாம் என்கிறாள். போய் வந்து பார்த்துக்கொள்ளலாம். மஞ்சள் வைத்திருக்கிறது, காய்ந்துவிடும். சுகர் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன், பெரும்பாலும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

இன்று சுமைப் பயிற்சி. எங்கள் குழுவில் இது ஒரு வழக்கம். கிளம்புவதற்குச் சில வாரம் முன்னால் எல்லாச் சாமானையும் வண்டியில் கட்டி, பின்னால் வருகிறவரையும் ஏற்றி, எண்பது கிலோமீட்டர் போய்த் திரும்ப வேண்டும். திரும்பி வந்ததும் வழியில் எடுக்காத பொருளையெல்லாம் வீட்டில் வைத்துவிட வேண்டும். நல்ல வழக்கம். அந்த முறைப்படி பார்த்தால் என் பையில் பாதி வீட்டில் இருக்க வேண்டியது.

பவானிசாகர் வரைக்கும் அருமையாகப் போனோம். திரும்பும்போது ஒரு வளைவில் கியர் குறைக்கப் போனேன், விழவில்லை. மறுபடியும் மிதித்தேன். நியூட்ரலுக்குப் போய்விட்டது. எதிரே கரும்பு லாரி. வண்டி சற்றுத் தயங்கியது. சாயவில்லை. ‘சற்றுத் தயங்கியது’ என்பதே சரியான சொல்.

வசந்தா என் தோளை இறுக்கிப் பிடித்தாள். ஓரமாக நிறுத்தினேன்.

“கால எங்க வெச்சிருக்கீங்க?”

“ஏன், ஃபுட்ரெஸ்ட்லதான்.”

“இல்லைங்க. ரோட்டுல தேஞ்சுட்டு வந்துச்சு. பின்னால இருந்து நான் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

கியர் லீவரின் உயரம் சரியில்லை. நாளை மெக்கானிக்கிடம் காட்டி ஏற்ற வேண்டும். பூட்ஸின் இடது முனை தேய்ந்திருக்கிறது. தாரின் சூடு.

செப்டம்பர் 16, திங்கள்

மெக்கானிக் லீவரைப் பார்த்தான். சரியாகத்தான் இருக்கிறது என்கிறான். ஏற்றச் சொன்னேன். ஏற்றினான்.

செப்டம்பர் 17, செவ்வாய்

புரட்டாசி பிறந்துவிட்டது. இன்று பைகளில் வேலை எதுவும் இல்லை. அதனால் அந்த 2002 விஷயத்தை முழுசாக எழுதி வைக்கிறேன். யாஸ்மினிடம் சொன்னதில் சில விவரம் விட்டுப்போயிற்று.

வசந்தா அப்போது தபால் வழியில் பி.எட். முடித்திருந்தாள். ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை கிடைத்தது. பஸ் அந்த நேரத்துக்குக் கிடையாது. பக்கத்து வீட்டுத் தபால்கார அம்மாவின் ஸ்கூட்டரில் மூன்று மாதம், தினமும் விடிந்ததும் போய்ப் பழகினாள். எனக்கு அது ரொம்ப நாள் தெரியாது. தெரிந்தபோது, சரி, பழகட்டும் என்று இருந்துவிட்டேன். வேறு ஆய்வாளரிடம்தான் அவள் சோதனைக்கு வர வேண்டியது. அன்று அவர் திடீரென்று விடுப்பு. முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், இவள் பதினொன்றாவது.

கால் ஊன்றினாள். அல்லது சேலையின் நுனி தரையில் பட்டதா என்று இப்போது யோசிக்கிறேன். கடுமையான வெயில். நான் நின்ற இடத்திலிருந்து எதிர்வெயில். படிவத்தில் ‘இடது கால்’ என்று எழுதியதாக ஞாபகம். வலது காலாகவும் இருக்கலாம்.

பள்ளிக்கூட வேலைக்கு அவள் போகவில்லை. அந்த இடத்துக்கு வேறு யாரோ வந்துவிட்டார்கள். அதற்கப்புறம் வேறு வேலையும் தேடவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

புண் காயவில்லை. வசந்தா சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தாள். நானாகவே டாக்டரிடம் போனேன்.

சின்ன வயது டாக்டர். கண்ணை மூடச் சொல்லிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி ஒன்றால் உள்ளங்காலைப் பத்து இடத்தில் தொடுவாராம். தொடும்போதெல்லாம் நான் ‘இப்போது’ என்று சொல்ல வேண்டுமாம். வலது காலில் ஆறு சொன்னேன். இடது காலுக்கு வந்ததும் அவர் கை போவதைப் பார்த்துச் சொல்லலாம் என்று ஒரு கண்ணைக் கொஞ்சம் திறந்தேன்.

“சார், கண்ண மூடுங்க.”

முப்பத்தோரு வருடம் காப்பியடிப்பவர்களைப் பிடித்தவன் நான். மூடிக்கொண்டேன். மூன்றுதான் வந்தது. அந்த மூன்றில் ஒன்று குருட்டாம்போக்கில் சொன்னது.

வண்டி ஓட்டக் கூடாது என்றார். குறிப்பாகக் கியர் வண்டி. குறிப்பாக மலை. பின்னால் யாரையும் ஏற்றவே கூடாது. கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்குச் செய்தி போகவில்லை என்று ஒரு படம் வரைந்து காட்டினார். டாக்டர்கள் எல்லாவற்றுக்கும் ‘கூடாது’ என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிச் சம்பளம் வாங்கினேன்.

வசந்தாவிடம் வெறும் கொப்புளம் என்று சொன்னேன். அந்தப் படத்தை மடித்து வண்டி ஆர்.சி. புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 21, சனி

வேன் இருக்கிறதே. கஷ்டமான இடம் வந்தால் அவளை வேனில் ஏற்றிவிடலாம். ஆனால் கஷ்டமான இடம் என்று எனக்கு எப்படித் தெரியும்? கரும்பு லாரி வரும்வரை அந்த வளைவு சுலபமான வளைவாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 24, செவ்வாய்

கட்டுப் போடும் துணி இரண்டு பொட்டலம், மருந்து ஒரு குப்பி வாங்கி வலது பையில், ஸ்பேனர்களுக்கு அடியில், ஒரு பழைய துண்டில் சுற்றி வைத்திருந்தேன். அவள் அங்கே கை வைக்க மாட்டாள் என்ற எண்ணம். இன்று எடையைச் சரிபார்க்கத் திறந்தால் துண்டுக்குள் நான்கு பொட்டலம் இருக்கின்றன. கூடவே ஒரு சின்னக் கத்தரிக்கோல்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரிக்கு என்ன டிபன் என்று நான்தான் கேட்டேன்.

செப்டம்பர் 26, வியாழன்

நேற்று யாஸ்மின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ போட்டிருந்தாள். பூட்டானில் மலைச்சாலை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே இல்லை. எல்லோரும் கைதட்டல் படம் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன்.

வசந்தா என் தோளுக்கு மேலே எட்டி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எவ்வளவு அழகா இருக்குது” என்றாள். இப்படி அவள் ஒன்றைச் சொல்லிக் கேட்டு எத்தனை வருடமாயிற்று!

சொல்லிவிட வேண்டும். நாளை.

செப்டம்பர் 27, வெள்ளி

சொல்லவில்லை. மழைக்கோட்டு இரண்டும் வந்தன. அவளுடையது அளவு சரியாக இருக்கிறது.

செப்டம்பர் 28, சனி

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. வரிசைப்படி எழுதுகிறேன்.

திங்கட்கிழமை வண்டியை ரயில் பார்சலுக்குத் தயார் செய்ய வேண்டும், பெட்ரோலை வடித்துச் சாக்குச் சுற்றி. அதற்கு முன்னால் ஒரு முடிவு தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்த சோதனை ஒன்றுதான். எங்கள் தெருமுனைக் கல்யாண மண்டபத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் பெரிய சிமெண்டுத் தரை இருக்கிறது. புரட்டாசியில் கல்யாணம் கிடையாது, ஆகவே காலியாகக் கிடக்கும். காலையில் வசந்தா பெருமாள் கோயிலுக்குக் கிளம்பியதும், பைகளைக் கட்டி, பின் சீட்டில் அவள் எடைக்கு இரண்டு அரிசி மூட்டை வைத்துக் கட்டி, கோலமாவு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன்.

எட்டு வரைந்தேன். அளவு தப்பவில்லை, கை மறக்கவில்லை. பூட்ஸின் அடியை ஈரத்துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு ஏறினேன். கோட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, கிளட்சைப் பாதி பிடித்தபடி மூன்று சுற்று. பிசகவே இல்லை. வண்டியை நிறுத்தி ஸ்டாண்ட் போட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். முப்பது பேர் பார்த்திருந்தால்கூடத் தேர்ச்சிதான் என்று நினைத்தேன்.

வாசல் பக்கம் வசந்தா நின்றுகொண்டிருந்தாள். கோயிலுக்குப் போகவில்லை. கையில் என் மாத்திரை டப்பா, சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

“பாத்தியா? மூணு சுத்து!” என்றேன்.

“ஏனுங்க, கால எடுத்துப் பாருங்க” என்றாள்.

இடது பூட்ஸைத் தூக்கிப் பார்த்தேன். அடி முழுக்க வெள்ளை மாவு. தரையைப் பார்த்தேன். எட்டின் கோடு நான்கு இடத்தில் அழிந்திருந்தது. ஒரு இடத்தில் ஒரு முழ நீளத்துக்கு இழுத்திருந்தது. வலது பக்கம் ஒரு கீறல் இல்லை.

“நாலு எடத்துல ஊனுனீங்க” என்றாள்.

“எனக்குத் தெரியல வசந்தா.”

“தெரியாதுன்னு எனக்குத் தெரியுமுங்க. நட்டு விழுந்த அன்னைக்கே தெரியும்.”

மாத்திரையைக் கொடுத்தாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். நான் சாப்பிட்டேன். அவள் அந்த எட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகச் சொன்னாள்.

“நான் அன்னைக்கு ஊனலைங்க.”

இருபத்திரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் இதைச் சொன்னதில்லை. நான் இந்தக் கதையைக் கல்யாண வீட்டில், ஆபீஸில், அவள் அண்ணன் முன்னால், எங்கள் மகள் முன்னால், எத்தனை பேரிடம் பெருமையடித்திருக்கிறேன்! அப்போதெல்லாம் அவள் அங்கேதான் இருந்தாள்.

“தெரியும்” என்றேன்.

“உங்களுக்குத் தெரியுமுன்னும் எனக்குத் தெரியுமுங்க. அதுனாலதான் மறுபடி வரல.”

ஆகவே இதோ எழுதுகிறேன். எதிர்வெயில் இல்லை. வெயில் என் முதுகுப் பக்கம் இருந்தது. அன்று வரிசையில் எட்டாவதாக வந்த கவுன்சிலர் வீட்டுப் பிள்ளைக்குத் தோல்வி போட்டிருந்தேன். வசந்தாவின் பெயரைக் கூப்பிட்டதும் பின்னாலிருந்து ஒரு குரல், “பொண்டாட்டிக்கு மட்டும் பாஸ் போட்டுருவான் பாரு” என்றது. அவள் எட்டு போட்டாள். பயந்துகொண்டே, உதட்டைக் கடித்துக்கொண்டு, வளைவில் கொஞ்சம் ஆடி, ஆனால் கோட்டை விடாமல் போட்டாள். இரண்டு காலும் வண்டி மேலேயேதான் இருந்தன. அவள் செருப்பின் நிறம் வரைக்கும் எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது, அரக்கு நிறம். நான் படிவத்தில் ‘கால் தரையைத் தொட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன், தேதி போட்டேன், நிமிர்ந்து பார்க்காமல் ‘அடுத்து’ என்றேன். பின்னால் யாரோ “யோவ், நெசமாலுமே ஃபெயில் போட்டுட்டாருய்யா” என்றார்கள். அந்தப் பேச்சைக் கேட்க வேண்டும் என்றுதான் அப்படி எழுதினேன். வேறு காரணமே கிடையாது.

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். “சரிங்க” என்றாள். ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே போனாள்.

இன்று அரிசி மூட்டைகளை அவிழ்க்க எனக்குக் கை வரவில்லை. அவள்தான் அவிழ்த்தாள். வண்டியை நடத்தியே வீட்டுக்குக் கொண்டுவந்தோம்.

செப்டம்பர் 29, ஞாயிறு

யாஸ்மினுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். கால் விஷயம் மட்டும். “நல்லவேளை சார், இங்கயே தெரிஞ்சுது” என்றாள். பிறகு, “ஆன்ட்டியோட பூட்டான் பெர்மிட் அப்படியே இருக்கட்டும். வேன்ல இடம் இருக்கு. ரோடு நல்லா இருக்கற நாளு என் பின்னால ஒக்காரட்டும்” என்றாள்.

வசந்தாவிடம் கேட்டேன். இந்தத் தடவை கேட்டேன். எப்படியும் வேண்டாம் என்றுதான் சொல்வாள், என் காலுக்குக் கட்டு யார் போடுவது என்று கவலைப்படுவாள் என்று நினைத்திருந்தேன்.

“நான் போறேனுங்க” என்றாள். “கட்டுப் போட நர்சம்மாகிட்டச் சொல்லிட்டேன், தெனமும் காலைல வரும். மாவு ஆட்டி ஃப்ரிட்ஜுல வெச்சுட்டுப் போறேன். உங்களுக்கு தோசை ஊத்தத் தெரியுமல்ல?”

நேற்றே சொல்லிவைத்திருக்கிறாள்!

சாயங்காலம் என் மனது கேட்கவில்லை. “வசந்தா, ஒரு ஸ்கூட்டர் எடுத்துடலாம். நானே கூட இருந்து எல்.எல்.ஆர். போட்டுத் தர்றேன். இப்ப எல்லாம் ஆன்லைன்தான், நாலு நாள்ல வந்துடும். உனக்கு அம்பத்தாறுதான ஆகுது” என்று அடுக்கிக்கொண்டே போனேன்.

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்திவிட்டுச் சொன்னாள்:

“அப்ப எனக்கு வண்டி ஓட்டோணும்னு அவ்வளவு ஆசை இருந்துச்சுங்க. ராத்திரி தூக்கத்துலகூட கை ஆக்சிலரேட்டரத் திருகும். இப்ப அந்த ஆசை இல்லைங்க. இருந்தாச் சொல்ல மாட்டனா? இல்லாதத நான் எங்க போய்க் கொண்டாறது?”

மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இதற்கு என்னிடம் ஒரு படிவமும் இல்லை.

அக்டோபர் 1, செவ்வாய்

ஆறு வண்டிகள் ரயிலேறின. என்னுடையது வராந்தாவில் நிற்கிறது.

அக்டோபர் 4, வெள்ளி

நர்ஸ் வந்து கட்டு மாற்றிக் காட்டினாள். வசந்தாவும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டாள். புண் ஆழம் என்கிறார்கள். காலைத் தரையில் ஊன்றக் கூடாதாம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கும் வந்தது, திரும்பிக்கொண்டாள்.

அக்டோபர் 9, புதன்

நாளை காலை கிளம்புகிறாள்.

இன்று அவள் பையை முதலிலிருந்து நானே அடுக்கினேன். ஸ்பேனர் செட்டை எடுத்தேன். கேபிள் இரண்டு, டியூப் இரண்டு, பம்ப், கட்டுத் துணி எல்லாவற்றையும் எடுத்தேன். இவ்வளவு இரும்பையா அவள் பையில் வைத்திருந்தேன்! எல்லாம் போக, பை காலியாக இருந்தது. கேட்டு எழுதிக்கொண்டேன். அவளுக்கு வேண்டியது: சுடிதார் நான்கு, சொட்டர், மழைக்கோட்டு, பருப்புப் பொடி, கால் வலித் தைலம், காதடைக்கப் பஞ்சு, மூக்குக் கண்ணாடி இரண்டு. புதிதாக ஒன்று சொன்னாள்: ஒரு நோட்டும் பேனாவும். எதற்கு என்று கேட்டதற்கு, “நீங்க மட்டுந்தான் எழுதோணுமா?” என்றாள்.

பட்டியலில் ஒவ்வொன்றாக அடித்தேன். நாற்பத்தொன்று மட்டும் நின்றது. “இன்னமும் ஒண்ணும் தோணலையா?” என்றேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு, தலை பின்னப் போய்விட்டாள்.

இந்த நோட்டின் கடைசித் தாளில் பாதியைக் கிழித்தேன். பழைய படிவத்தில் எப்படி எழுதுவேனோ அப்படியே, அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினேன்:

பெயர்: நா. வசந்தாமணி. சோதனை: எட்டு. கால் தரையைத் தொடவில்லை. தேர்ச்சி.

கீழே கையெழுத்துப் போட்டேன். நான்காக மடித்து, பருப்புப் பொடி டப்பாவுக்கு அடியில் வைத்து, நாற்பத்தொன்றையும் அடித்தேன். தராசில் மாட்டிப் பார்த்தேன். ஆறு கிலோ.

மன்னித்துவிடு என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம். அப்படி எழுதினால் அவள் மன்னிக்க வேண்டியிருக்கும். அதையும் அவள் தலையில் கட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

அக்டோபர் 10, வியாழன்

போய்விட்டாள். வாசலில் காரில் ஏறும்போது, மாத்திரை எந்த டப்பாவில் எது என்று ஒரு தடவை சொன்னாள். கையாட்டினேன்.

அக்டோபர் 12, சனி

தோசை வட்டமாக வரவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

நேற்று மழை. நர்ஸ் வந்த பிறகு கோலை ஊன்றிக்கொண்டு மண்டபம் வரைக்கும் போனேன், ஊன்றாத காலுடன். சிமெண்டுத் தரை சுத்தமாகக் கழுவிக் கிடந்தது. எட்டு இல்லை. இன்னும் ஐந்து நாளில் ஐப்பசி. கார்கள் வந்து நின்றுவிடும்.

அக்டோபர் 14, திங்கள்

மத்தியானம் போன் வந்தது. வீடியோ இல்லை, அங்கே சிக்னல் போதாதாம். பின்னால் காற்று அடிக்கும் சத்தம், கொடிகள் படபடக்கும் சத்தம்.

“ஏனுங்க, இன்னைக்கு யாஸ்மின் பின்னால ஒக்காந்து வந்தேன். அந்த வீடியோவுல பாத்தமே, அதே ரோடு. கீழ பாத்தா மேகமுங்க. நமக்குக் கீழ! எனக்குப் பயமே இல்ல. அந்தப் புள்ள அவ்வளவு நல்லா ஓட்டுது.”

“சந்தோஷம்” என்றேன்.

“கால் எப்புடி இருக்குது?”

“சிவப்புக் கொறஞ்சிருக்குன்னு சொன்னாங்க.”

சிக்னல் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். நொடிகள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

“பருப்புப் பொடிக்கு அடியில சீட்டு ஒண்ணு இருந்துச்சு. பாத்தேனுங்க.”

“கையெழுத்துப் போட்டிருக்கீங்க. தேதி போடலையே?”

உண்மையைச் சொன்னேன். பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு அன்றைக்கு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 2002இன் தேதியைப் போட்டால் அது பொய். அன்று நான் வேறொன்றில்தான் கையெழுத்துப் போட்டேன். இன்றைய தேதியைப் போட்டால், இடையில் போன வருடங்களெல்லாம் அவள் தோற்றவளாகவே இருந்தாள் என்று நானே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடும். இரண்டுக்கும் துணிவில்லாமல் விட்டுவிட்டேன். இதை இவ்வளவு கோவையாகச் சொல்லவில்லை. “எந்தத் தேதியப் போடறதுன்னு தெரியல வசந்தா” என்று மட்டும்தான் சொன்னேன்.

அவள் யோசித்தாள். அவசரப்படாமல், கணக்கு டீச்சர் ஒரு விடைத்தாளைப் பார்ப்பது போல யோசித்தாள் என்று எனக்குத் தோன்றியது. ஒரு நாள்கூட அவள் டீச்சராக இருந்ததில்லை.

“அப்ப அது செல்லாதுங்களே” என்றாள்.

“சரிங்க” என்றேன். அவளிடம் அந்தச் சொல்லை நான் சொன்னது இதுதான் முதல் தடவை.